பழைய பிரிட்டிஷ் டீசல் ரயில் ஸ்லைடுகள்: பரணிலிருந்து இறக்குவது முதல் நினைவோடு பகிர்வது வரை

இங்கிலாந்தின் டெர்பியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் பரணிலிருந்து பதினாறு பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். 1960-களிலிருந்து 80-கள் வரை அவர் எடுத்த டீசல் ரயில் ஸ்லைடுகள், அதாவது சிறு சட்டத்தில் பொருத்திய ஃபிலிம் படங்கள். அவற்றை ஸ்கேன் செய்து, எந்த இன்ஜின், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கண்டுபிடித்து, அவர் சொன்ன கதைகளோடு சேர்த்து முடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அப்புறம் வேறு சிலர் இதே வேலையில் இறங்கியபோது கூட இருந்தேன். எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில் இடறினார்கள். நல்ல ஸ்கேனர் இருந்தும், ரயில்களைப் பற்றித் தெரிந்திருந்தும் வேலை கெட்டதற்குக் காரணம், படிகளை முன்பின்னாகச் செய்ததுதான். அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வெளிச்சப் பலகை, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், காற்று ஊதும் ரப்பர் பம்பு, பஞ்சுநூல் கையுறை, பென்சில், கோடு போட்ட ஒரு நோட்டு. பேனா வேண்டாம். மை ஸ்லைடின் சட்டத்திலிருந்து ஃபிலிமுக்குப் பரவினால் திருத்த வழியில்லை.

ஸ்கேன் செய்ய, ஃபிலிமுக்கென்றே செய்த ஸ்கேனரோ, மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவோ வேண்டும். ஆவணங்களை வைத்து எடுக்கும் தட்டையான ஸ்கேனர்கள் பலவற்றில், பெட்டியில் அச்சிட்டிருக்கும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணில் பாதிகூட உண்மையில் கிடைப்பதில்லை. நமக்கு இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் சிறு எண்ணைப் படித்தாக வேண்டும். அந்த எண் போனால் பாதி விவரம் போயிற்று.

இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். 4000 டிபிஐ-யில் 16 பிட் நிறத்தோடு ஒரு ஸ்லைடை எடுத்தால் சுமார் 120 எம்பி வரும். ஆயிரம் ஸ்லைடு என்றால் 120 ஜிபி. இரண்டாவது டிஸ்க் வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

2. பெட்டியின் வரிசையை முதலில் பதிவு செய்யுங்கள்

பெட்டியைத் திறந்ததும் அழகான படத்தைத் தேடி எல்லா ஸ்லைடையும் மேஜைமேல் பரப்பிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மிகப் பெரிய தவறும் அதுவே. ஒரு ரோலில் 36 படம். அதில் ஒரே ஒரு படத்தின் தேதி உறுதியானால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களுக்கு அதைக்கொண்டு காலம் சொல்லலாம். வரிசை கலைந்துவிட்டால் ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனி அநாதை.

பெட்டியை மூடியோடு ஒரு ஃபோட்டோ எடுங்கள். திறந்ததும் உள்ளே அடுக்கியிருப்பதை ஒரு ஃபோட்டோ. பிறகு ஒவ்வொரு ஸ்லைடையும் வெளியே எடுத்து, சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் பெட்டி எண், வரிசை எண் இரண்டையும் எழுதுங்கள்: 07-23 என்பதுபோல. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து நோட்டில் ஏற்றுங்கள், பிழை என்று தெரிந்தாலும் சரி. சில சட்டங்களில் ஃபிலிம் எண் அச்சாகியிருக்கும். பெட்டி வரிசை ஏற்கெனவே கலைந்திருந்தால், ரோலைத் திரும்பச் சேர்க்க அந்த எண்கள் உதவும்.

சில சட்டங்களில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது ஃபிலிமைக் கழுவிய மாதம். சிக்கனக்காரர்கள் ஒரு ரோலை எட்டு மாதம்கூட கேமராவிலேயே வைத்திருந்தார்கள். ஆகவே "இந்த மாதத்துக்குப் பிறகு எடுத்ததல்ல" என்பதற்கு மட்டுமே அதைச் சான்றாகக் கொள்ளுங்கள்.

3. சுத்தம் செய்வது

இதில் நான் மிகவும் கண்டிப்பானவன். முதலில் பம்பால் ஊதுங்கள். போகாத தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அதற்குமேல் வேண்டாம். தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம், வாய்க் காற்று எதுவும் ஃபிலிமின் அருகே வரக்கூடாது. பூஞ்சை பிடித்த ஸ்லைடுகளைத் தனிப் பெட்டியில் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை முடியுங்கள். இல்லாவிட்டால் ஒரே தூரிகை பூஞ்சையை எல்லாவற்றுக்கும் கொண்டுபோகும்.

4. ஸ்கேன்: ஒரே அமைப்பில் எல்லாம்

எல்லா ஸ்லைடையும் 4000 டிபிஐ, 16 பிட், டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள். 36 மில்லிமீட்டர் அகலம் சுமார் 5,600 புள்ளிகளாக வரும். ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தத்தையும் கூர்மையாக்கலையும் அணைத்துவிடுங்கள். காரணம் எட்டாவது படியில் வருகிறது.

தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி பல ஃபிலிம்களில் அருமையாக வேலை செய்யும். கோடக்ரோம் என்ற கோடக் ஸ்லைடு ஃபிலிமில் மட்டும் ஏமாற்றும். அந்த ஃபிலிமின் அமைப்பு அகச்சிவப்பு ஒளியையும் தடுப்பதால், மென்பொருள் படத்தின் கருமையான இடங்களைத் தூசி என்று நினைத்து மெழுகிவிடும். இன்ஜினின் காற்றுச் சல்லடைகளும் சக்கரங்களைத் தாங்கும் போகிகளும் களிமண் போலாகிவிட்ட ஸ்கேன்களைப் பார்த்திருக்கிறேன். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கும் இதே கதைதான், அதில் இருப்பது வெள்ளித் துகள். இந்த இரண்டுக்கும் அந்த வசதியை அணையுங்கள். எது கோடக்ரோம் என்று எப்படித் தெரியும்? ஸ்லைடைச் சாய்த்து ஒளியில் பாருங்கள். ஒரு பக்கத்தில் படம் செதுக்கியதுபோல லேசாக மேடுபள்ளமாகத் தெரியும்.

கோப்புப் பெயரில் இப்போதைக்குப் பெட்டி எண்ணும் வரிசை எண்ணும் போதும். இன்ஜின் எண்ணையும் ஊரையும் பெயரிலேயே எழுதி, பிறகு தவறென்று தெரிந்து, நூறு கோப்புகளைப் பெயர் மாற்றிய அனுபவம் எனக்கு உண்டு.

5. இடவலம் மாறியிருக்கிறதா?

ஸ்லைடைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்வது எல்லோருக்கும் நேர்வதுதான். எண் தெரிந்தால் உடனே பிடிபடும். எண் தெரியாத தூரக் காட்சிகளில் இரண்டு சோதனைகள் செய்யலாம். பிரிட்டனில் இரட்டைப் பாதையில் ரயில்கள் இடதுபக்கம் ஓடும். உங்களை நோக்கி வரும் ரயில், படத்தில் உங்களுக்கு வலப்புறப் பாதையில் இருக்க வேண்டும். நான்கு பாதை உள்ள இடங்களில் இது குழப்பும். அங்கே பிரிட்டிஷ் ரயில் என்ற அரசு நிறுவனத்தின் இரட்டை அம்புச் சின்னத்தைத் தேடுங்கள். இன்ஜினிலும் நிலையப் பலகைகளிலும் மேலே இருக்கும் அம்பு வலப்புறம் காட்டும்.

6. எந்த வகை இன்ஜின்? சக்கரங்களை எண்ணுங்கள்

எண் தெரியாதபோது புதியவர்கள் முகத்தைப் பார்த்து வகையை ஊகிக்கிறார்கள். மூக்கு நீண்ட இன்ஜின்கள் பல இருப்பதால் 37, 40, 55 என்று எண்ணிட்ட வகைகள் மூன்றும் குழம்பிப்போகும். ஒரு பக்கம் எத்தனை சக்கரம் தெரிகிறது என்று முதலில் எண்ணினால் வேலை சுருங்கும்.

பக்கத்துக்கு எட்டு சக்கரம் என்றால் 40 அல்லது 'பீக்' எனப்படும் 44, 45, 46 வகைகள். ஆறு என்றால் 31, 37, 47, 50, 52, 55 போன்றவை. நான்கு என்றால் 20, 25, 26, 27, 33 போன்ற சிறியவை. அந்தக் கூட்டத்துக்குள் வந்தபிறகு முகத்தைப் பாருங்கள். 20-க்கு ஒரு முனையில் மட்டும்தான் ஓட்டுநர் அறை. எதுவுமே புரியாமல் நீங்கள் பார்ப்பது 47-ஆக இருந்தால் ஆச்சரியமில்லை. மொத்தம் 512 செய்தார்கள், நாட்டின் எந்த மூலையிலும் வந்து நிற்கும்.

7. காலத்தைக் கண்டுபிடிப்பது

ஒரே தடயத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு தடயமும் "இதற்குப் பிறகு" அல்லது "இதற்கு முன்" என்று ஒரு வேலி போடும். இரண்டு பக்கமும் வேலி விழும்வரை தேடுங்கள்.

எண். டி என்ற எழுத்தோடு தொடங்கும் எண் நீராவி இன்ஜின்களிலிருந்து பிரித்துக்காட்ட வைத்தது. 1968 ஆகஸ்டில் முதன்மைப் பாதைகளில் நீராவி ஓட்டம் முடிந்ததும் டி-க்கு வேலையில்லாமல் போய், மறு பெயின்ட் அடிக்கும்போது மெல்ல மெல்ல மறைந்தது. 1973, 74-இல் டாப்ஸ் என்ற கணினி முறைக்காக ஐந்திலக்க எண்கள் வந்தன. முதல் இரண்டு இலக்கம் வகை, மீதி மூன்று அந்த இன்ஜின்.

பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணை நேராகக் கணக்குப் போடாதீர்கள். புதிய முறையில் எண்கள் 001-இல் தொடங்கியதால், பூஜ்யத்தில் முடிந்த முதல் இன்ஜின்கள் வேறு இடத்துக்குப் போயின. டி9000 என்ற டெல்டிக் (55 வகை) 55022 ஆனது. டி400, 50050 ஆனது. டி200-க்கு, முன்பே ஒழிக்கப்பட்ட டி322-இன் இடம் கிடைத்து 40122 ஆனது. பின்னாளில் மாற்றியமைத்தவற்றுக்கும் எண் மாறியது. 37401 என்று பார்த்தால் அது 1985-க்கு முந்தைய படமாக இருக்காது, அதற்கு முன் அதன் எண் 37268.

52 வகையான வெஸ்டர்ன்கள் மட்டும் விலக்கு. வார்ப்பு உலோகத் தகட்டில் எண் இருந்ததால் 1977-இல் ஓய்வுபெறும்வரை டி1000 வரிசை எண்களோடே ஓடின. டி இருக்கிறதே என்று வெஸ்டர்னை 1968-க்கு முன் தள்ளியவர்கள் எத்தனையோ பேர்.

ஹெட்கோட். இது எந்த ரயில் என்று காட்டும் குறியீடு. இன்ஜின் முகத்தில் அதற்கு நான்கு எழுத்துப் பெட்டி இருக்கும், ஒவ்வோர் எழுத்தும் ஒரு சுழலும் உருளையில். முதல் இலக்கம் ரயிலின் தரம்: 1 விரைவு ரயில், 2 சாதாரணப் பயணி ரயில், 0 பெட்டிகள் இல்லாத தனி இன்ஜின். அடுத்த எழுத்து போகும் திசை. ஒரு மண்டலத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ரயில்களில் எஸ் என்றால் ஸ்காட்லாந்து, வி என்றால் மேற்கு மண்டலம், எம் என்றால் லண்டன் மிட்லண்ட், ஈ என்றால் கிழக்கு, ஓ என்றால் தெற்கு. 1எஸ் என்று தெரிந்தால் வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போகும் விரைவு ரயில் என்று தயங்காமல் எழுதலாம்.

1976 தொடக்கத்தில் இதைக் காட்டும் கட்டாயம் நீங்கியது. முதலில் 0000 என்று திருப்பி வைத்தார்கள். பிறகு அந்த இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் வந்தன. நான்கு பூஜ்யமோ இரண்டு புள்ளியோ தெரிந்தால் உங்களுக்கு ஒரு பக்க வேலி கிடைத்துவிட்டது. அந்தக் கடைசிக் காலத்தில் பல வெஸ்டர்ன்கள் ஹெட்கோட் பெட்டியில் தங்கள் எண்ணையே காட்டின. இரண்டாவது உருளையில் எழுத்துகள் இருந்ததால் பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்தை வைத்து 1ஓ23 என்று டி1023 தன்னைச் சொல்லிக்கொள்ளும். அதை ரயிலின் எண் என்று நினைத்துக் கால அட்டவணையில் தேடி நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டிருக்கிறேன்.

பெயின்ட். பச்சை, பச்சையில் சிறு மஞ்சள் பட்டை, முகம் முழுக்க மஞ்சள், நீலம் என்பதுதான் பொதுவான வரிசை. சிறு மஞ்சள் பட்டை 1960-களின் தொடக்கத்தில் வந்தது. நீலமும் இரட்டை அம்பும் 1965-ஐ ஒட்டி வந்தன. முழு மஞ்சள் முகம் 1967-ஐ ஒட்டிப் பரவியது. ஆனால் பெயின்ட் ஒரே நாளில் மாறுவதில்லை. ஐந்திலக்க எண்ணோடு பச்சையில் ஓடிய இன்ஜின்களும் 1970-களின் நடுவில் இருந்தன. எனவே எண்ணும் பெயின்டும் முரண்பட்டால் எண்ணை நம்புங்கள்.

இன்னொரு பொறி, நினைவுக்காகப் பழைய நிறத்துக்கே திருப்பியவை. 1980 கடைசியில் 55002-ஐப் பச்சையாக்கினார்கள். 1983-இல் 40122-ஐப் பச்சையாக்கி டி200 என்ற எண்ணையே திரும்பப் போட்டார்கள். டி200 பச்சையில் நிற்கிறது, ஆகவே 1960 என்று எழுதுவதற்கு முன் பின்னால் நிற்கும் பெட்டிகளையும், நடைமேடையில் நிற்பவர்களின் உடையையும், கார் நிறுத்தத்தையும் பாருங்கள்.

டிப்போ அடையாளங்கள். இவை எனக்கு மிகவும் பிடித்தவை. ஃபின்ஸ்பரி பார்க் டிப்போ 1979-இலிருந்து தன் டெல்டிக்குகளின் ஓட்டுநர் ஜன்னலைச் சுற்றி வெள்ளை அடித்தது. லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டு டிப்போ 1977-இல் அரசியின் வெள்ளிவிழாவுக்காக 47-களின் கூரையை வெள்ளி நிறமாக்கியது, அதன் பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தொழிலாளர்கள் தங்கள் இன்ஜின்மீது வைத்த பெருமை அது. இன்று நமக்கு அது தேதியும் சொல்கிறது.

சுற்றுப்புறம். மேலே மின்கம்பி இருக்கிறதா? க்ரூவிலிருந்து கிளாஸ்கோவரை 1974 மே மாதம் முழுதும் மின்மயமானது. கார்லைல் நிலையத்தில் கம்பியே இல்லாமல் எடுத்த படம் அதற்கு முந்தையது. கிழக்குக் கரைப் பாதையில் எடின்பரோவரை மின்சாரம் 1991-இல்தான் போனது.

இதையெல்லாம் சேர்த்து எப்படிப் பயன்படுத்துவது? பெரியவரின் ஏழாம் பெட்டியில் பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் நிலையத்தில் நிற்கும் 50 வகை இன்ஜின் ஒன்று இருந்தது. ஐந்திலக்க எண், ஆகவே 1973-க்குப் பின். பெயர்ப் பலகை இல்லை. 50-களுக்குப் போர்க்கப்பல் பெயர்கள் 1978-இல் வரத் தொடங்கின, ஆகவே பெரும்பாலும் அதற்கு முன். ஹெட்கோட் 0000, ஆகவே 1976-க்குப் பின். இரண்டு வருட இடைவெளி கிடைத்தது. அப்புறம் அதே ரோலில் நான்கு படம் முன்னால் பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும் இன்டர்சிட்டி 125 என்ற அதிவேக டீசல் ரயில். முகத்தைப் பார்த்தேன், 1975-இல் ஓடிய சோதனை வண்டியின் முகமல்ல. அந்த ரயில்கள் 1976 அக்டோபரில்தான் சேவைக்கு வந்தன. ஆறு படம் பின்னால் பயணி ரயிலை இழுத்துக்கொண்டு ஒரு வெஸ்டர்ன். கடைசி வெஸ்டர்ன் 1977 பிப்ரவரியில் ஓய்வுபெற்றது. 1976 அக்டோபர் முதல் 1977 பிப்ரவரிவரை, ஐந்து மாதம். வரிசையைக் கலைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

8. நிறத்தை இப்போதுதான் சரிசெய்யுங்கள்

காலமும் வகையும் தெரிந்தபிறகே நிறத்தில் கை வையுங்கள். மங்கிய ஃபிலிமில் பச்சை இன்ஜின் நீலமாகவும், நீலம் பச்சையாகவும் சாயும். முன்பே திருத்தினால் உங்கள் ஊகத்தைப் படத்தில் பூசிவிட்டு, பிறகு அந்தப் படத்தையே சான்றாகக் காட்டுவீர்கள். தானியங்கித் திருத்தத்தை அணைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

இன்ஜினின் நிறத்தை வைத்துச் சமன் செய்யாதீர்கள். நடைமேடைக் கான்கிரீட், ரயில் பெட்டியின் வெள்ளைப் பட்டை, மேகம் இவற்றில் ஒன்றை நடுநிலையாகக் கொள்ளுங்கள். பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் கழுவும் இயந்திரத்திலும் நின்ற நீலம் வெளிறித்தான் இருந்தது. அதைப் புதுப் பெயின்டாக்க வேண்டாம். மூல டிஃப் கோப்பைத் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள்.

9. நினைவைக் கேட்பது

படத்தை எடுத்தவர் உயிரோடு இருந்தால் இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாம் படி முடிந்ததுமே ஒரு நாள் குறித்துவிடுங்கள். உட்கார்ந்து கேட்பதை மட்டும், உங்கள் வேலிகள் தயாரானபிறகு செய்யுங்கள். உடல்நலம் குன்றியவர் என்றால் எதற்கும் காத்திருக்காமல் இன்றே போய் உட்காருங்கள்.

"இது எந்த வருடம்?" என்று தொடங்கினால், பெரியவர் ஏதோ ஒரு வருடத்தைச் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொள்வார். அதற்குப் பதில், யாரோடு போனீர்கள், டிக்கெட் யார் காசு, மழையா, என்ன சாப்பிட்டீர்கள், இன்ஜின் எப்படிச் சத்தம் போட்டது என்று கேளுங்கள். வருடம் தானாக வந்து விழும். கல்யாணத்துக்கு முன், அப்பா இறந்த கோடை, முதல் வேலை போன வாரம் என்றுதான் மனிதர்கள் காலத்தை வைத்திருக்கிறார்கள்.

சத்தம் வெறும் உணர்ச்சி அல்ல, தடயமும்கூட. 40-ஐ விசிலடிப்பான் என்று அழைத்ததற்கு அதன் டர்போவின் ஊளைதான் காரணம். 50-களை ஹூவர் என்றார்கள். காற்று வடிகட்டும் விசிறிகள் தூசி உறிஞ்சும் இயந்திரம்போல இரைந்தன. 1979-இலிருந்து டான்காஸ்டர் பணிமனையில் புதுப்பித்தபோது அவற்றை எடுத்துவிட்டார்கள். "ஹூவர் சத்தம் காதில் இருக்கிறது" என்று ஒருவர் ஒரு பயணத்தைச் சொன்னால், அந்த இன்ஜின் இன்னும் புதுப்பிக்கப்படாத காலம் அது என்று எழுதிக்கொள்ளலாம்.

பேச்சைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். பழைய நோட்டுகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பார்த்த இன்ஜின் எண்களைத் தேதியோடு எழுதிவைப்பது அந்தத் தலைமுறைப் பையன்களின் பழக்கம். எங்கள் பெரியவரின் நோட்டு ஸ்கூல் பையின் அடியில் கிடைத்தது. பிரிஸ்டல் படத்தின் நாள் அதில் இருந்தது: நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. அதைப் படித்துக் காட்டியபோது அவர் சொன்னார், அன்று தம்பியும் கூட வந்தான், கையுறை மறந்துவிட்டதால் இருவரும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம் என்று. அந்தத் தம்பி இப்போது இல்லை. ஸ்லைடின் ஓரத்தில் முதுகு காட்டி நிற்கும் சிறுவன் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

10. குறிப்பு எழுதுவது

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று அடுக்கு. படத்தில் கண்ணால் பார்ப்பது, எடுத்தவர் சொன்னது, நாமே தேடி ஊகித்தது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். பின்னால் ஒன்று தவறென்று தெரிந்தால் மற்ற இரண்டும் பிழைக்கும்.

மேலே சொன்ன படத்துக்கு நான் எழுதியது இப்படி: "50 வகை இன்ஜின், பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ். ஹெட்கோட் 0000, பெயர்ப் பலகை இல்லை. எடுத்தவரின் நோட்டுப்படி 1976 நவம்பர். இடது ஓரத்தில் நிற்பது தம்பி என்கிறார். ரோலில் உள்ள மற்றப் படங்களும் இந்தக் காலத்தோடு ஒத்துப்போகின்றன."

தேதி உறுதியில்லாவிட்டால் "1974க்கும் 1978க்கும் இடையில்" என்று நேராக எழுதுங்கள். ஒரே வருடத்தை எழுதிவிட்டால் அடுத்தவர் அதை எடுத்துப் போடுவார், அதற்கடுத்தவர் அதையே ஆதாரமாக்குவார். இந்தக் குறிப்பைக் கோப்பின் உள்ளேயே ஐபிடிசி புலங்களில் (படத்தின் விவரங்களை எழுத ஒதுக்கிய இடங்கள்) சேமியுங்கள். தனி அட்டவணையில் மட்டும் வைத்தால் படம் கைமாறும்போது குறிப்பு பின்தங்கிவிடும்.

11. உரிமை, பிறகு பகிர்வு

ஸ்லைடு உங்கள் கையில் இருப்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. பிரிட்டிஷ் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கும், இறந்தபின் வாரிசுகளிடம் போகும். ஏலத்தில் வாங்கிய ஸ்லைடுக்கும் இது பொருந்தும். எங்கே பகிரலாம், பெயர் எப்படி வர வேண்டும், எந்தப் படங்கள் வேண்டாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தார் தெரியும் படங்களைத் தனியாகக் கேளுங்கள். நாங்கள் தம்பி இருக்கும் படத்தை வெளியிடலாமா என்று அந்தத் தம்பியின் மனைவியிடம் கேட்டோம். அவர் ஒரு பிரதி வேண்டும் என்றார், அச்சிட்டுக் கொடுத்தோம்.

பகிர்வதற்கு 2,000 புள்ளி அகல ஜேபெக் போதும். நீர்க்குறியை இன்ஜினின் எண்மீதோ ஹெட்கோட்மீதோ போடாதீர்கள், மற்றவர்கள் உங்களைத் திருத்த உதவுவதே அவைதான்.

திருத்தங்கள் வரும், நிறைய வரும். பழைய வரியை அழிக்காமல், கீழே தேதியிட்டு, என்ன காரணத்தால் மாற்றினீர்கள் என்று சேருங்கள். மாதம் ஒருமுறை அந்தத் திருத்தங்களை மூலக் கோப்புகளின் குறிப்பிலும் ஏற்றி, இரண்டாவது டிஸ்கிலும் பிரதி எடுங்கள். ஸ்லைடுகளைப் பென்சில் எண் வரிசையில் அடுக்கி, பழைய பெட்டியிலேயே வைத்து, உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். பரணில் கோடையில் சூடும் குளிர்காலத்தில் ஈரமும் ஏறும். படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு நல்ல இடம்.